ஜெயவேல் பாஸ் போட்ட விளையாட்டு

ஜெயவேல் எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. மனைவி எழில்மொழி வைக்கும் கடம்பா மீன் குழம்பை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுவான். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "பரவால்ல" என்பான். "இந்தப் பரவால்லைய வாங்கறதுக்கே நான் இன்னா பாடு படவேண்டி கீது பாரு," என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். அவனுக்கு இருந்தது கஞ்சத்தனம் அல்ல, ஒரு வகைப் பயம். நல்லது என்று சொன்ன பிறகு அந்தப் பொருள் உடைந்துபோனால், உடைந்ததில் சொன்னவனுக்கும் பங்கு இருக்கிறது என்று நினைப்பவன் அவன்.

அந்த நினைப்பு வேலையிலிருந்து வந்தது. எண்ணூரில், ஆலைகளுக்குக் குழாய் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் வெல்டிங்கைச் சோதிப்பது அவன் வேலை. வெல்டர் இரண்டு தகடுகளை ஒட்டித் தருவார். ஜெயவேல் அதிலிருந்து ஒரு பட்டையை அறுத்து, பிரஸ்ஸில் வைத்து, லாடம்போல் வளையும்வரை அழுத்துவான். ஒட்டிய இடம் வெடித்தால் ஃபெயில், வெடிக்காவிட்டால் பாஸ். இரண்டில் எதுவானாலும் அந்தப் பட்டை பிறகு பழைய இரும்புக்குத்தான் போகும். அதற்கு டெஸ்ட் பீஸ் என்று பெயர். அவன் பிரஸ்ஸின் கைப்பிடியைத் தொடும்போது அனுபவப்பட்ட வெல்டர்கள்கூட வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

"ஒடைச்சாதாம்பா தெரியும்," என்பான். மைத்துனனின் புது பைக், தேர்தல் பேச்சு, அடுத்த வீட்டுக் கல்யாணச் சாப்பாடு என்று எது கையில் கிடைத்தாலும் அது எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்று அழுத்திப் பார்ப்பது அவன் சுபாவமாகவே ஆகிவிட்டது.

வேலை முடிந்தால் கேரம் கிளப். திருவொற்றியூரில் கடலை நோக்கிப் போகும் தெரு ஒன்றில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே கூடம் அது. வாசலில் பந்தல் இழுத்து இரண்டு கேரம் பலகைகள் போட்டிருந்தார்கள். உள்ளே மூலையில், ஏதோ கப்பல் அலுவலகம் கழித்துப்போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. வண்ணாரப்பேட்டையில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் யாசின் அதைக் கொண்டுவந்து உயிர் கொடுத்து, இருபது வருடப் பழைய விளையாட்டு ஒன்றைப் போட்டிருந்தான். அதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு. கிளப்பில் எல்லோரும் அதைக் 'காடு' என்றார்கள். மலை, காடு, ஆறு, பத்துப் பன்னிரண்டு ஊர் என்று ஒரு முழு நாடு அதற்குள் இருந்தது. நாம் ஓர் ஆளாக அதில் இறங்கி, எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரோடும் பேசலாம், சண்டை போடலாம்.

இத்தகைய விளையாட்டை உலகத்தில் எல்லோரும் தனித்தனியாகத்தான் ஆடுகிறார்கள். அவரவருக்கு ஓர் ஆள், அவரவருக்கு ஒரு கதை. இந்தக் கிளப்பில் அப்படி இல்லை. கேரம் பலகை எப்படி எல்லோருக்கும் பொதுவோ, அப்படியே காட்டில் இருந்த ஆளும் பொது. அவன் பெயர் மாமு. ஒருவர் ஆடிவிட்டு எழுந்தால் அவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்வார். ஆட்டத்தைச் சேமித்து வைப்பதற்கு இருந்ததும் ஒரே இடம்தான். டிஸ்க் பழசு, ரொம்பிவிடும் என்று யாசின் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்ததால், எப்போதும் பழையதன் மேலேயே புதியதை எழுதினார்கள். இப்படிப் பல வருடங்களாக, பல கைகளால், மாமு ஒரே வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருந்தான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மாலையில் கடைசியாக ஆடுகிறவர் மாமுவை எங்கே கொண்டுபோயிருந்தாலும், எழுவதற்கு முன் ஆற்றங்கரை ஊரில் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும். இது கெங்கம்மாவுக்காக.

கெங்கம்மா அந்தக் கிளப்பைக் கூட்டித் துடைத்து, டீ போட்டுக் கொடுப்பவள். காலையில் ஒரு கண்டெய்னர் யார்டின் அலுவலகத்தைத் துடைப்பாள். மதியத்துக்கு மேல் இங்கே வருவாள். ஆட்கள் வந்து சேர்வதற்கு முன் கூடம் காலியாக இருக்கும். அப்போது கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மாமுவை நடத்துவாள். சண்டை போடத் தெரியாது, போடவும் விருப்பமில்லை. ஊருக்கு வெளியே போனால் ஓநாய் வரும், அதனால் ஊருக்குள்ளேயே நடப்பாள். பாலத்தைத் தாண்டினால் கரையில் பச்சிலைக் கூடையோடு ஒரு பெண் நின்றிருப்பாள். பக்கத்தில் போனால் ஆங்கிலத்தில் ஏதோ சொல்வாள். "தூரத்துலேந்து வர்ற போல, உக்காரு, மூச்சு வாங்கிக்கன்னு சொல்றா யக்கா," என்று யாசின் ஒருமுறை அர்த்தம் சொல்லிக் கொடுத்திருந்தான். அன்றிலிருந்து கெங்கம்மா தினமும் பாலத்தைத் தாண்டிப் போவாள். அந்தப் பெண் சொன்னதும், "தோ, ஒக்காந்துட்டேன்," என்பாள். மாமுவை உட்காரவைக்கும் பொத்தான் எது என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் திரையில் ஆறு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து டீக்கு அடுப்பு பற்றவைப்பாள்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேலி மட்டும் செய்வார்கள்.

"இன்னா யக்கா, தோஸ்து இன்னா சொல்றா?"

"உங்க எல்லாரையும் வுட நல்லாத்தான் சொல்றா. கேரம் ஆட வந்துட்டு காதைத் தீட்டாத, ஆடு."

கிளப்பில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பேச்சு நடக்கும். வியாசர்பாடியிலிருந்து வரும் நிலவன் அதை நடத்தினான். புத்தகம், படம், நாடகம் என்று எதையாவது ஒருவர் மதிப்பிட்டுப் பேசுவார். நிலவன் ஒலிப்பதிவு செய்து இணையத்தில் போடுவான். ஒரு நாள் அவன் ஜெயவேலிடம் வந்தான்.

"அண்ணே, இந்தவாட்டி காட்டைப் பத்தி நீங்க பேசணும். பழைய கேம்னா எல்லாரும் ஆஹா ஓஹோன்னுதான் சொல்றான். நீங்கன்னா அப்படிச் சொல்ல மாட்டீங்க."

ஜெயவேல் இதைத் தன் வாழ்நாளில் கிடைத்த ஒரே மரியாதையாக எடுத்துக்கொண்டான். விடுமுறை நாட்களில் காலையிலேயே கிளப்புக்கு வந்து திரை முன் உட்கார்ந்தான். ஒழுங்காகச் சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தான்.

காட்டில் அவனுக்குப் பிடித்த விஷயங்கள் இருந்தன. போக வேண்டிய இடத்தை அம்புக்குறி போட்டுக் காட்டாது. பாலம் தாண்டி இடது பக்கம், உடைந்த கோபுரம் தெரியும், அதற்குப் பின்னால் என்று யாராவது வழி சொல்வார்கள், நாமாகத் தேடிப் போக வேண்டும். அதனால் தூரம் என்பது உண்மையிலேயே தூரமாக இருந்தது. மலையேறி மறுபக்கம் பார்க்கும்போது ஏதோ சம்பாதித்ததுபோல் இருந்தது. முகங்கள் ஈரக் களிமண் மாதிரி இருந்தன, சண்டை வெறும் காற்றைக் குத்துவது மாதிரி இருந்தது. இவற்றை அவன் பெரிதாக நினைக்கவில்லை. மேல்பூச்சு சரியில்லாத குழாய்கூடத் தாங்கும். அவன் அறிய விரும்பியது வேறு. எங்கே வேண்டுமானாலும் போகலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொல்லும் உலகம், செய்ததைச் செய்ததாக ஏற்றுக்கொள்கிறதா? செய்கை எதையும் மாற்றாது என்றால் எதையும் செய்யலாம் என்பதற்கு அர்த்தம் இல்லை. அது சுதந்திரம் அல்ல, யாரும் பார்க்காத இடத்தில் கையை ஆட்டுவது.

முதலில் திருடிப் பார்த்தான். பொய் சொல்லிப் பார்த்தான். உலகம் அசையவில்லை. ஒரு நாள் மாலை அழுத்தத்தைக் கூட்டினான். ஆற்றங்கரைக்குப் போய், பச்சிலைக் கூடைக்காரி "உக்காரு" என்று சொல்லி முடிக்கும் முன் அவளை வெட்டினான்.

அவள் விழுந்தாள். காவலர்கள் வந்து மாமுவைச் சிறையில் போட்டார்கள். திரை இருண்டு, திரும்ப வெளுத்தது. தண்டனை முடிந்து மாமு வெளியே வந்தான். ஊர் அப்படியே இருந்தது. அவள் நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளி எப்போதும் வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவன், மாமுவைப் பார்த்து, வழக்கம்போல, இன்றைக்கு வானம் நன்றாக இருக்கிறது என்றான்.

ஜெயவேலுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. தேடியது கிடைத்துவிட்டது. இதுதான் வெடிப்பு. ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் சொல்ல வேண்டும்: ஒரு கொலை நடந்தது, பக்கத்தில் இருந்தவன் வானம் நன்றாக இருக்கிறது என்றான், எனவே இந்த உலகம் ஃபெயில்.

பிறகு, சோதனைக்கு முந்தைய இடத்துக்குத் திரும்புவதற்காகச் சேமிப்பைத் திறந்தான். சிறையிலிருந்து வெளியே வந்ததும் விளையாட்டு தானாகவே சேமித்துக்கொண்டிருந்தது, இருந்த ஒரே இடத்தில், பழையதன் மேல். அதற்கு முன்னால் என்று எதுவும் இல்லை.

பட்டறையில் இந்தத் தவறு அவனுக்கு நேர்ந்திருக்க முடியாது. அங்கே டெஸ்ட் பீஸை வேறு யாரோ ஒட்டித் தருவார்கள். அவன் கைக்கு வரும்போதே அது உடைபடுவதற்காக வந்திருக்கும். எதை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது என்று அவன் ஒரு நாளும் தீர்மானிக்க வேண்டியிருந்ததில்லை. அந்தத் தீர்மானத்தை இத்தனை வருடம் வேறு யாரோ அவனுக்காக எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதுகூட அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போகும் முன் அவன் செய்ததுதான் இன்னும் விநோதம். வழக்கப்படி மாமுவை ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் போனான்.

மறுநாள் வேலை முடிந்து அவன் கிளப்புக்கு வந்தபோது கெங்கம்மா திரை முன் நின்றுகொண்டிருந்தாள், உட்காரவில்லை. யாசின் கேரம் பலகையில் பவுடர் தூவிக்கொண்டிருந்தான்.

"யாசினு, இங்க வாயேன். அவ காணோம்."

"யாரு காணோம்?"

"கூடக்காரி. பாலத்துக்கு இந்தாண்ட, அந்தாண்ட எல்லாம் பாத்துட்டேன்."

யாசின் வந்து பார்த்தான். மாமுவைக் கரை முழுக்க நடத்தினான். "நீ இன்னாத்த அமுக்குன?"

"நான் ஒண்ணும் அமுக்கல நைனா. எப்பவும்போலதான்."

"ஒண்ணும் அமுக்காம எப்படிப் போவும்? சண்டை பட்டன்ல கைய வச்சிருப்ப. நீயே போட்டுத் தள்ளிட்டு எங்க காணோம் எங்க காணோம்னு கேட்டுகினு கீற."

பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "யக்கா மேல கேசு போடுங்கப்பா," என்றது ஒரு குரல். "தோஸ்தையே தீத்துட்டா. டீயைப் பாத்துக் குடிங்க," என்றது இன்னொன்று.

கெங்கம்மா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். "தெரியாம பட்டுருக்கும்போல," என்றாள். பிறகு எல்லோரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டாள்: "உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமா, அவ எங்கன்னு?"

ஜெயவேல் ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். சொல்லியிருந்தால் கொஞ்சம் திட்டு, கொஞ்சம் கேலி, அதோடு முடிந்திருக்கும். ஆனால் சிரிப்பு நடந்துகொண்டிருந்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தான். அடங்கியபோது கேள்வி போய்விட்டிருந்தது. அவன் முறை வந்தது, ஆடினான்.

அதற்குப் பிறகு கெங்கம்மா கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. ஒரு பழைய புடவைத் துண்டால் அதை மூடிவைத்தாள். கூட்டும்போது அந்த மூலையில் மட்டும் துடைப்பத்தை மெதுவாக ஓட்டினாள், தான் தொட்டால் இன்னும் ஏதாவது போய்விடும் என்பதுபோல. ஜெயவேல் அதைப் பார்த்தான். அவள் நீட்டிய டீயை வாங்கிக் குடித்தான். ஒரு நாள் குடிக்க முடியாமல் கீழே வைத்துவிட்டான்.

"இன்னா நைனா, சக்கர கம்மியா?"

"இல்லக்கா. வயிறு சரியில்ல."

அடுத்த டம்ளரில் அவள் சுக்குத் தட்டிப்போட்டுக் கொண்டுவந்தாள். அவன் அதைக் குடிக்கத்தான் வேண்டியிருந்தது.

ஞாயிறு வந்தது. கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நிலவன் போனை ஜெயவேல் முன் வைத்து ஒலிப்பதிவைத் தொடங்கினான். ஜெயவேல் நன்றாகவே ஆரம்பித்தான். வழி கேட்டு நடப்பதைப் பற்றியும் தூரத்தைப் பற்றியும் அவன் பேசியதைக் கூட்டம் அமைதியாகக் கேட்டது. பிறகு முக்கியமான இடத்துக்கு வந்தான். இதற்காகத்தான் முழுப் பேச்சையும் கட்டியிருந்தான்.

"இப்ப ஆத்தங்கரை ஊரை எடுத்துக்கங்க," என்றான்.

கதவோரம் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த கெங்கம்மா தலையைத் தூக்கினாள்.

"ஆத்தங்கரை ஊர்ல," என்று திரும்பச் சொன்னான். அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கேட்பதற்காக ஓரடி முன்னால் வந்தாள்.

"ஆத்தங்கரை ஊர்ல வெளிச்சம் ரொம்ப நல்லாருக்கும்," என்றான் ஜெயவேல்.

அதன் பிறகு அவன் பேசியது எல்லாம் புகழ்ச்சி. ஆறு ஓடுவதைப் புகழ்ந்தான், இசையைப் புகழ்ந்தான், களிமண் முகங்களில்கூட ஒரு சாந்தம் இருப்பதாகச் சொன்னான். ஒரு பொய்யை நிற்கவைக்க இன்னொன்றை முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப முடிவா இன்னாண்ணே? பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டான் நிலவன்.

"பாஸ்," என்றான் ஜெயவேல்.

கைதட்டினார்கள். ஜெயவேலே பாஸ் போட்டுவிட்டான் என்பது அன்று மாலை முழுக்கப் பேச்சாக இருந்தது. நிலவன் அதையே தலைப்பாக வைத்து இணையத்தில் போட்டான்.

வெடிப்பைக் கண்ணால் பார்த்த பிறகு பாஸ் போடுவது அவன் தொழிலில் மன்னிக்கப்படாத காரியம். அவன் அறிந்து இதுவரை செய்ததில்லை. மறுநாள் பட்டறையில் வளைந்த பட்டையைக் கையில் எடுத்தபோது, ஒட்டிய இடத்தில் ஒரு கீறல் தெரிந்தது. வெடிப்பா, பிரஸ்ஸில் உராய்ந்ததா என்று புரியவில்லை. வெல்டர் எதிரில் நின்றார். ஜெயவேல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உடன் வேலை செய்யும் பாஸ்கரிடம் நீட்டி, "நீ சொல்லுப்பா," என்றான். அப்படி அவன் யாரிடமும் கொடுத்ததில்லை. மதியம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மதிப்பிடுகிறவன் மதிப்பிடப்படும் பொருளுக்கு வெளியே நிற்கிறான் என்பது வசதியான ஒரு நம்பிக்கை. அது இல்லாமல் எந்தத் தீர்ப்பும் எழுத முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு பொருளோடு எத்தனை பேர் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று பார்க்காமல் அதை அழுத்திப் பார்ப்பவன், அழுத்துவது எதை என்றே அறியாதவன். ஜெயவேல் இதை இந்த வார்த்தைகளில் நினைத்திருக்க மாட்டான். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அவன் நின்றுகொண்டே வந்தான், அவ்வளவுதான் தெரியும்.

கிளப்பில் கெங்கம்மா மட்டும் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகளை மடித்துச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் அவளே வந்தாள்.

"நேத்து ரொம்ப நல்லா பேசன நைனா. ஆறு ஓடறத சொன்ன பாரு, மெய்யாலுமே அப்படித்தான்." கொஞ்சம் தயங்கினாள். "உனக்கு அந்தக் காடு பூரா தெரியுது. அதான் கேக்கறேன். என் கை பட்டு அவ எங்கயாச்சும் வேற ஊருக்குப் போயிருப்பாளா? தேடனா ஆப்டுவாளா?"

ஜெயவேல் பக்கத்தில் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"உன் கை படலக்கா. நாந்தான்."

"இன்னா நீதான்?"

"நாந்தான் வெட்டனேன். பேசறதுக்கு முன்னாடி, ஆடிப் பாத்தப்ப."

கெங்கம்மாவுக்குப் புரிவதற்கு நேரம் பிடித்தது. "அவ உன்ன இன்னா செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல."

"அப்பால எதுக்கு?"

"சோதிக்கறதுக்கு. அப்படி ஒருத்தர சாவடிச்சா அந்த ஊர்ல யாராச்சும் கேக்கறாங்களான்னு பாக்கறதுக்கு."

"நான் கேட்டனே," என்றாள் கெங்கம்மா.

அவள் குரலை உயர்த்தவில்லை. "இதே எடத்துல நின்னுகினு, எல்லாரையும் பாத்துக் கேட்டேன், யாருக்காச்சும் தெரியுமான்னு. நீ அங்க ஒக்காந்துகினு இருந்த. கைல காயி வச்சிகினு."

"ஆமாக்கா."

"என்னத்தான கொலகாரின்னு சிரிச்சானுங்க. நீயும் சிரிச்சியா?"

"சிரிக்கல."

"சிரிச்சிருந்தாகூட பரவால்ல."

அவன் புடவைத் துண்டு மூடியிருந்த மூலையைப் பார்த்தான். பிறகு, முதலிலிருந்து புதிதாக ஓர் ஆட்டம் தொடங்கினால் அவள் அங்கேயே நிற்பாள் என்றும், தானே மாமுவை அதுவரை நடத்திக் கொண்டுபோய் விடுவதாகவும் சொன்னான்.

"அது வேற பொம்பள," என்றாள் கெங்கம்மா. "இவ்ளோ நாள் என்கிட்ட சொன்னவ அவ இல்ல." கடைசி நாற்காலியை மடித்து வைத்தாள். "எனக்கு ஒண்ணும் வேணாம் நைனா. அவனுங்க வந்தப்பறம் நீ இத்த சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டானுங்க. நீதான் பாஸ் போட்டவன்."

அடுப்பைப் பற்றவைக்க அவள் உள்ளே போனாள். ஜெயவேல் பந்தலில் போய் உட்கார்ந்தான். ஒவ்வொருவராக வந்தார்கள். யாசின் வந்து பலகையில் காய்களை அடுக்கினான். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைப் பற்றிய கேலியிலேயே இருந்தார்கள் எல்லோரும்.

"வந்துட்டார்ப்பா பாஸ் போடறவரு. இன்னாண்ணே, இன்னிக்கு டீயும் நல்லாருக்கும்னு சொல்லுவியா?"

"ஆட்டம் அப்பால ஆடலாம் யாசினு," என்றான் ஜெயவேல். "கூடக்காரிய கொன்னது நான். கெங்கம்மா இல்ல. நேத்து நான் பேசனதும் பொய்யி. அத்த எடுத்துடச் சொல்லி நிலவனுக்கு போன் பண்ணப் போறேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். யாசின் காய்களை அடுக்கிக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்திருந்தான். அவன் ஜெயவேலைத் திட்டுவான் என்றுதான் மற்றவர்கள் எதிர்பார்த்தார்கள்.

"அப்ப அன்னிக்கு அந்தக்காவ நான் அப்படிப் பேசனனே," என்றான் யாசின், பலகையைப் பார்த்துக்கொண்டே.

எழுந்து உள்ளே போனான். கொஞ்சம் கழித்து, கேசு போடச் சொன்னவர் எழுந்து போனார். டீயைப் பார்த்துக் குடிக்கச் சொன்னவரும் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று வெளியே கேட்கவில்லை. பலகையின் ஒரு பக்கத்தில் ஜெயவேல் மட்டும் உட்கார்ந்திருந்தான். போனை எடுத்து நிலவனின் எண்ணைத் தேடினான்.